எந்தச் சளி?

முதல் தடவை நெகட்டிவ் என்று வந்த அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். போனில் வந்த செய்தியை என் வீட்டுக்காரர் இரண்டு முறை படித்துக் காட்டினார். அதில் எனக்குப் புரிந்தது என் பெயரும் வயதும் மட்டும்தான். அஞ்சலாட்சி, பெண், நாற்பத்தாறு. "ஒன்னுமில்லன்னு போட்டிருக்கான். போய் வேலயப் பாரு" என்றார். இருமிக்கொண்டே ரவை வறுத்தேன்.

காசநோய்ப் பிரிவிலிருந்து வீட்டுக்கு வரும் மேடம் ஒருவர், குணமானவர்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அப்ப எழுதியாவது குடுங்க" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று சில இடங்களில் எனக்கே குழப்பம். அந்த வருடமே அப்படித்தான் இருந்தது.

கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு உதவியாளர். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகளின் வீட்டுக்கே கொடுப்பதற்காக அரிசியையும் பருப்பையும் அளந்து பையில் கட்டினோம். எனக்கு இருமல் ஆரம்பித்தது அப்போதுதான். மூட்டைத் தூசி என்று நினைத்தேன். பிறகு, இத்தனை வருடம் தின்ற அடுப்புப் புகை என்று நினைத்தேன். ஊரில் காய்ச்சல் முகாம் போட்டபோது, இருமுகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். நின்றேன். மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தக் குச்சி டெஸ்டுக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொன்ன பெயர் சளி டெஸ்ட். டி.வி.யிலும் சளி மாதிரி எடுத்தார்கள் என்றுதான் சொன்னார்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதே "ஊசி போட்டாச்சா, சளி டெஸ்ட் எடுத்தாச்சா" என்றுதான். இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் மகள் சுகன்யாவுக்கு அது தலைப்பிரசவம். அவளைக் கட்டிக் கொடுத்த இடம் கடலூர் பக்கம் குடிகாடு. மாப்பிள்ளை மணிகண்டனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சிதம்பரத்தில் பிரசவம் பார்க்க இருந்த இடத்தில், கூட இருக்கப்போகிறவருக்கும் டெஸ்ட் வேண்டும் என்றார்கள். அதனால் எனக்கு இரண்டாவது முறையும் மூக்கில் குச்சி. இரண்டாவது முறையும் நெகட்டிவ். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு நானே சொன்னேன். "நல்லதாப் போச்சு அண்ணி. எங்க ஊர்ல பாதிப் பேரு படுத்துக் கெடக்கறாங்க. புள்ளய நீங்களே தைரியமாப் பாத்துக்கலாம்" என்றார்.

பையன் பிறந்தான். தைரியமாகத்தான் பார்த்துக்கொண்டேன். காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். சாம்பிராணி காட்டினேன். சுகன்யா தூங்கட்டும் என்று பகலெல்லாம் என் நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டேன். நான் இருமினால் அவன் உடம்பு சேர்ந்து குலுங்கும். ஆனாலும் விழிக்க மாட்டான். "யம்மா, நீ இருமறது அவனுக்குத் தூளி ஆட்றாப்புல இருக்கு போல" என்று சுகன்யா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தெருவில் பார்த்தவர்கள், பிரசவம் பார்த்த வீட்டில் இளைக்கத்தானே செய்யும் என்றார்கள். வீட்டுக்காரர் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டருக்கும் எனக்கும் நடுவில் பெரிய பிளாஸ்டிக் தாள் தொங்கியது. அவருக்கு இரண்டு முகக்கவசம், எனக்கு ஒன்று. பாதி வார்த்தை நடுவழியிலேயே நின்றுவிடும்.

"சளி பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தாச்சு சார். ரெண்டு வாட்டி. நெகட்டிவ்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மாத்திரையும் ஒரு மருந்தும் எழுதினார். அவர் எந்தச் சளியைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. டாக்டரிடம் திருப்பிக் கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார். படத்தை உறையில் போட்டுக் கொடுத்த ஆள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வந்துட்டுப் போயிருக்கும்மா. உங்களுக்கே தெரியாம" என்றார்.

"இன்னாது?"

"கொரோனாதான். வேற இன்னா?"

மறுநாள் போனால் அந்த டாக்டருக்கே கொரோனா என்று கதவைப் பூட்டியிருந்தார்கள். எக்ஸ்ரே உறை பீரோ மேலேயே கிடந்தது. வந்ததே தெரியாத நோய் போனதும் தெரியாமல் போயிருக்கிறது, இருமலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? இரண்டு முறை இல்லை என்று சொன்ன டெஸ்டை நம்புவதா, வந்து போனது என்று சொன்ன ஆளை நம்புவதா? எதை நம்பினாலும் இப்போது எனக்கு நோய் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கிறவள். நெற்றிக்கு நேராக நீட்டுகிற கருவி ஒரு கையில், நோட்டு ஒரு கையில்.

"காச்சல் இல்ல. எத்தினி நாளா இருமல்?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா! சளி குடுத்தீங்களா டெஸ்டுக்கு?"

"எடுத்தாச்சு. நெகட்டிவ்."

"சரிக்கா" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் முன்பு காசநோய் வேலை பார்த்தவளாம். கொரோனா வந்ததும் அந்த நோட்டோடு இந்தக் கருவியையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்களாம். ஒரே ஆள், இரண்டு நோய். அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினோம்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் இருக்கும். குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பினேன். சிவப்பாக நூல் மாதிரி போனது. எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சிதம்பரத்தில் படுக்கை இல்லை என்று யாரோ சொல்ல, கடலூருக்கே வண்டியை விட்டார். அன்று காலையிலும் பையனை நான்தான் குளிப்பாட்டினேன்.

கடலூரில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போய் நாளாகியிருந்தது என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது. இருமுகிறவர்களை ஒரு பக்கம் பிரித்து, சந்தேக வார்டு என்ற ஒன்றில் சேர்த்தார்கள். டெஸ்ட் முடிவு வரும்வரை அங்கே இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டைக்கார அம்மா ஒருவர். "சந்தேகம்னா எம் புருசன் ஒருத்தன்தான் படுவான்னு நெனச்சேன். இப்ப கவுர்மெண்டும் படுது" என்றார். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். எல்லோரும் தலை முதல் கால்வரை மூடிய உடையில் வந்தார்கள். யார் டாக்டர், யார் நர்ஸ், யார் கூட்டுகிறவர் என்று தெரியாமல் எல்லோரையும் சார் என்றேன். அதில் பாதிப் பேர் பெண்கள்.

மூன்றாவது குச்சி. மூன்றாவது நெகட்டிவ். போகலாம் என்று சொல்லுகிற நேரத்தில் ஒரு நர்ஸ் என் சீட்டைப் படித்துவிட்டு, "ரத்தம் வந்துச்சுன்னு போட்டிருக்கு. சளி டெஸ்ட் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"மூணு வாட்டி எடுத்தாச்சு" என்றேன்.

அவருக்கு விளக்க நேரமில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறையைக் கைகாட்டினார். காசநோய்ப் பிரிவு இருந்த இடத்தையும் கொரோனாவுக்கு எடுத்துக்கொண்டு, அதை அங்கே தள்ளியிருந்தார்கள். உள்ளே லேப்காரர் ஒருவர் மட்டும். ஓய்வு பெறுகிற வயது. மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

"இதுல சளி குடுங்கம்மா."

"எடுத்தாச்சு சார். மூணு வாட்டி. நெகட்டிவ்."

"எங்க எடுத்தாங்க?"

"மூக்குல."

அவர் டப்பாவை மேசை மேல் வைத்தார். "மூக்குல எடுத்தது கொரோனாவுக்கும்மா. நான் கேக்கறது நெஞ்சுச் சளி. காறித் துப்பறது. அத யாருகிட்டயாவது குடுத்தீங்களா?"

"இல்ல."

"அது அவுங்க எடுக்கறது. இது நீங்க குடுக்கறது. வேற டெஸ்டு, வேற நோவு."

எடுப்பது, கொடுப்பது. வாசலில் வந்த அந்தப் பெண் "குடுத்தீங்களா" என்றுதான் கேட்டாள். நான் "எடுத்தாச்சு" என்றேன். அந்த இடத்திலேயே எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆனால் அதனால் என்ன ஆகியிருக்கிறது என்று அப்போது முழுதாக விளங்கவில்லை.

டப்பாவை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். ஆண்கள் போய்வரும் வழி. பொம்பளை ஒருத்தி நின்று காறுவதா? புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு மெதுவாகத் துப்பிக் கொடுத்தேன். லேப்காரர் ஆட்டிப் பார்த்தார்.

"இது எச்சிம்மா. ஓட்டல்ல தண்ணிக் கொழம்பு ஊத்தறாப்புல குடுத்தீங்கன்னா நான் இன்னா பண்றது? மூச்ச நல்லா இழுத்து, அடியிலேர்ந்து கொண்டாங்க. வெக்கப்படாதீங்க. இங்க நீங்களும் நானும்தான் இருக்கோம். ஆளுங்க எல்லாரையும் மூக்குப் பக்கம் அனுப்பிட்டாங்க. நெஞ்சுப் பக்கம் நான் ஒருத்தன்தான்."

இன்னொரு டப்பா கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார், "முன்னல்லாம் காலையில இந்த மேச பூரா டப்பாவா இருக்கும். இப்ப வர்றதே இல்ல. நோவு கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சிடாதீங்க. டப்பாதான் வரல."

மூச்சை இழுத்துக் காறினேன். மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் இன்னொன்று கொடுத்தேன். டி.பி. என்று வந்தது. தமிழில் காசநோய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. கொரோனா இல்லை. பெயர் தெரிந்த நோய். மாத்திரை இருக்கிறது, ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் கிருமிக்கு மருந்து பழகிவிடும், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னப் பெண். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார், "வீட்டுல யார் யாரு இருக்கீங்க? சின்னப் பிள்ளைங்க உண்டா?"

"பேரன்."

"எத்தனை வயசு?"

"எண்பத்தேழு நாள்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "தூக்குவீங்களா?" என்றார். எனக்கு என் நெஞ்சின் மேல் அவன் குலுங்கியது தெரிந்தது. டாக்டரம்மா சொன்னார், "காசநோய் காத்துல பரவுறதும்மா. இருமுறப்ப வெளிய வரும். சின்னக் குழந்தைக்குத் தொத்துச்சுன்னா மூளை வரைக்கும் போகலாம். இன்னைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அதுவரை எனக்கு வந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

போனை நான் பேசவில்லை. வீட்டுக்காரர்தான் பேசினார். ஆனால் சுகன்யா கத்தியது எனக்கும் கேட்டது. "நெகட்டிவ்னு சொன்னீங்களேப்பா! எத்தினி வாட்டி சொன்னீங்க!" அவர் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

மணிகண்டன் ஷிப்டிலிருந்து அப்படியே வந்து அவர்களைக் கூட்டிவந்தார். பையனைக் குழந்தைகள் பிரிவில் சேர்த்தார்கள். அதே ஆஸ்பத்திரி, என்னைச் சேர்த்திருந்த அறைக்கு எதிர்க் கட்டடம். நான் போகக் கூடாது. எடை ஏறவில்லை, அதனால் எல்லா டெஸ்டும் பார்க்கிறோம் என்றார்களாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். கையில் தோலுக்கு அடியில் ஒரு ஊசி போட்டார்கள். அந்த இடம் எவ்வளவு தடிக்கிறது என்று மூன்றாம் நாள் அளப்பார்கள். இன்னொன்றை மாப்பிள்ளை என் ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று சொன்னார்.

"கொழந்தைக்குத் துப்பத் தெரியாதாம் அத்த. சளிய முழுங்கிடுமாம். அதனால காலையில வெறும் வயித்துல மூக்கு வழியா சின்னக் கொழாய் விட்டு வயித்துலேர்ந்து எடுக்கறாங்க."

நான் பெரியவள், துப்பத் தெரிந்தவள், வெட்கப்பட்டு எச்சில் கொடுத்தேன். அவனுக்கு மூக்கில் குழாய்.

"சுகன்யா இன்னா சொல்லுது?" என்றேன்.

"அதுக்கு ஒன்னும் புரியல அத்த. எனக்கும் புரியல. எங்கம்மா வேற..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் அம்மா சொன்னது எனக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. நோவை மறைத்துவைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்றாராம். அதற்கு என்ன பதில் சொல்வது? நான் சொன்னது பொய் இல்லை. உண்மையும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அந்த மூன்று செய்திகளையும் போனில் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றிலும் என் பெயர் சரியாக இருந்தது. வயது சரியாக இருந்தது. எந்த நோய் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சின்ன வரி இருந்தது. அதை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

அந்த மூன்று நாளும் எதிர்க் கட்டடத்தில் எந்தக் குழந்தை அழுதாலும் அவன் குரலாகவே கேட்டது. மாத்திரை குமட்டியது. வீட்டுக்காரர் மேலே நாலு தடவை, கீழே நாலு தடவை ஏறி இறங்கிக் கால் வீங்கிப்போனார். அங்கே நடந்ததை இங்கே வந்து சொல்லுவார், இங்கே நான் சாப்பிட்டதை அங்கே போய்ச் சொல்லுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

மூன்றாம் நாள் பையனின் கை கொஞ்சம் தடித்திருந்தது. கிருமியாலும் தடிக்கலாம், பிறந்ததும் தோளில் போட்ட தடுப்பூசியாலும் தடிக்கலாம் என்றார்கள். எக்ஸ்ரே சுத்தம். வயிற்றில் எடுத்ததிலும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இருக்கிறதா, இல்லையா என்று நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். டாக்டரிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது.

"நோய் இல்ல. கிருமி உள்ள போயிருந்தாலும் போயிருக்கலாம். அது நோயா மாறாம இருக்க ஆறு மாசம் தினமும் மாத்திரை கொடுக்கணும். ஒரு நாள் விடக் கூடாது."

"குடுத்தா வராதா?"

"பெரும்பாலும் வராது."

பெரும்பாலும் என்ற அந்த வார்த்தையோடுதான் அவர்கள் குடிகாட்டுக்குப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராதது நியாயம். போகும்போது சுகன்யா என் ஜன்னல் பக்கம் பார்க்காமல் வண்டியில் ஏறினாள். பையன் துணிக்குள் இருந்தான்.

இன்று எனக்கு மருந்து முடிந்து, குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பையன் ஓடுகிறான், கையில் கிடைத்ததை எல்லாம் உடைக்கிறான். எழுதச் சொன்ன மேடம், மற்றவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் டப்பா கேட்டு வாங்கிக் காறித் துப்பிக் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள். யாராவது சளி டெஸ்ட் எடுத்தாச்சு என்று சொன்னால், மூக்கிலா நெஞ்சிலா என்று கேளுங்கள். நெகட்டிவ் என்றால் எதில் நெகட்டிவ் என்று கேளுங்கள்.

மேடம் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். காலை வேளை. சம்பந்தியம்மாவின் போன். அதுவரை அவர் என்னோடு பேசவில்லை. திட்டத்தான் போகிறார் என்று எடுத்தேன்.

"அண்ணி, இவன் மாத்திரயத் துப்பறான். பொடி பண்ணிப் பால்ல கலந்து குடுத்தாலும் துப்பறான். நேத்திக்கும் பாதி வெளியதான் போச்சு. நீங்க இவனுக்கு மருந்து எப்படிக் குடுப்பீங்க?"

சொன்னேன். "நடு நாக்குல ஊத்தாதீங்க அண்ணி. கசப்புத் தெரியும். பாலாடைய கன்னத்து ஓரமா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. முழுங்கலன்னா மூஞ்சியில லேசா ஊதுங்க, முழுங்கிடுவான்."

ஊதச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எதிர்ப்பக்கம் அவர் ஊதுகிற சத்தம் கேட்டது. பையன் திணறினான், சிணுங்கினான். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"முழுங்கிட்டான்" என்றார் சம்பந்தியம்மா. "பூரா முழுங்கிட்டான் அண்ணி."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கை மாறுகிற சத்தம் கேட்டது.

"நீ மாத்திர போட்டியா?" என்றாள் சுகன்யா. அத்தனை நாளைக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை.

"இன்னும் இல்லடி. இதோ போடப்போறேன்."

"போடு. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.